ஏறாமல் நடந்த ஏழு கிலோமீட்டர்

என் மகளுக்குப் பிரசவம் பார்க்க மலேசியாவில் ஈப்போ என்னும் ஊருக்குப் போயிருந்தேன். போன வேலை பேத்தியைக் குளிப்பாட்டுவது, மகளுக்குப் பத்தியம் சமைப்பது. பேத்தியோ நாள் முழுக்கத் தூங்கினாள். மருமகன் என்னைவிட நன்றாகச் சமைத்தார். இரண்டாவது வாரம் நான் பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் துணி காய்வதை வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் மகளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு மேடத்திடம் என்னைச் சேர்த்துவிட்டாள்.

சுற்றிக் காட்டுவது என்றால் வேன் வரும் என்று நினைத்து, நல்ல புடவையும் உயரமான செருப்புமாகப் போய் நின்றேன். வேன் வரவில்லை. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், அறுபத்தாறு வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்புடன் மேடம் லிம் வந்தார். விசிலை ஊதினார். பத்துப் பேர் நடக்க ஆரம்பித்தார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "நடக்கப் போகிறோம்" என்றார் ஆங்கிலத்தில்.

ஈப்போ அழகான ஊர்தான், மறுக்கவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள், நடுவில் பழைய கடைத்தெரு. வெள்ளைக் காப்பி என்று ஒன்று தருகிறார்கள், அது பழுப்பாகத்தான் இருக்கிறது. முளைகட்டிய பயறும் வேகவைத்த கோழியும் சாப்பிடக் கடை வாசலில் வரிசை நிற்கிறது. எங்கள் ஊரில் முளைப்பயறைச் சர்க்கரை வந்தவர்களுக்கு மிரட்டித்தான் கொடுப்போம்.

மேடம் லிம்முக்குக் கோயில், கடைத்தெரு எல்லாம் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு என்பது செத்துப்போன தொழிற்சாலைகள்தான். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிப் பிழைத்த ஊர் அது. அடுத்த ஞாயிறு ஊருக்கு வெளியே, குளம் குளமாகத் தேங்கிக் கிடந்த பழைய சுரங்கங்களின் வழியாக எங்களை நடத்திக்கொண்டு போனார். முடிவில் ஒரு பெரிய குளத்தில், மூன்று மாடி உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்பு வீடு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதுதான் ஈயம் தோண்டிய மிதவை இயந்திரம். எல்லாரும் அதைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நான் மட்டும் அதைக் கடைசியாகப் பார்த்தேன், அதுவும் மோட்டார் பைக்கில் போய். நடந்தது இதுதான். எல்லாருக்கும் பின்தங்கி நடந்த எனக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்போது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நம் தமிழ் ஆள். "ஏறுங்கக்கா" என்றார். ஏறிவிட்டேன். யோசிக்கவே இல்லை. உத்திரமேரூரில் பிறந்தவளிடம் ஒருவர் வண்டியை நிறுத்தி ஏறு என்று சொன்னால் கால் தானாக எழும்பிவிடும். ஏறி உட்கார்ந்து, "நல்லா இருக்கியாப்பா?" என்று விசாரித்த பிறகுதான் மேடத்தின் விதி எனக்கே நினைவு வந்தது.

வண்டியே ஏறாமல் நடந்து முடித்தவர்களுக்கு மேடம் லிம் ஈயத்தில் செய்த ஒரு சின்ன பேட்ஜ் குத்திவிடுவார். ஒன்பது பேருக்குக் குத்தினார். என்னிடம் வந்ததும் பெட்டியை மூடிவிட்டார்.

"இருநூறு மீட்டர்தானே மேடம்?"

"இருநூறு மீட்டரும் வண்டிதான், மல்லி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தில்தான் வாயை விட்டேன். எங்கள் ஊர் உங்கள் ஊரைவிட ஆயிரம் வருஷம் பழசு, எங்களுக்கும் ஏரி இருக்கிறது, காட்சி இருக்கிறது, செத்துப்போன மில்லும் இருக்கிறது, புகைபோக்கியின் உச்சியில் அரசமரமே முளைத்திருக்கிறது, வந்து பாருங்கள், அங்கே ஏழு கிலோமீட்டர் ஏறாமல் நடந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "அரசமரம்" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த தை மாதக் கடைசியில் வந்தே விட்டார்.

முதல் நாள் என் கணவர் ஏழுமலை தன் ஷேர் ஆட்டோவில் அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் மேடம் லிம் பையைத் திறந்து அந்த பேட்ஜை மேஜைமேல் வைத்தார். "மில் வரைக்கும் ஏறாமல் நடந்தால் இது உங்களுக்கு" என்றார். ஏழுமலை அதை எடுத்து, திருப்பிப் பார்த்து, "இதுக்கா ஒரு வருசமா என்கிட்ட எரிஞ்சி வுயுந்துகினு இருந்த?" என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, இருபது வருஷமாக ஊருக்கே சான்றிதழ் நகல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் பெயருக்கு ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டால் தப்பா?

சாயங்காலம் கோயில்களுக்குப் போனோம். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவது எங்களுக்குப் புதிதில்லை. செருப்பு பார்த்துக்கொள்பவரே விளக்கமும் சொல்லிவிடுவார். "கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் மச்சான் நிக்கக் கூடாது, மாமன் நிக்கக் கூடாதுன்னு அப்பவே எய்திவெச்சிகீறாங்கம்மா. இப்ப அத்த படிச்சிக் காட்டுனா, நிக்கறதுக்கு இந்த செவுரு மட்டும்தான் மிஞ்சும்." இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மேடம் லிம் தங்கள் ஊரிலும் அதேதான் என்று அவர் கையைக் குலுக்கினார்.

சுந்தரவரதர் கோயிலில் மூன்று அடுக்கு. கீழே பெருமாள் நிற்கிறார், நடுவில் உட்கார்ந்திருக்கிறார், மேலே படுத்திருக்கிறார். படி ஏறி மூச்சு வாங்கி நின்ற என்னிடம், "இவருக்கும் உங்களை மாதிரிதான் போலிருக்கிறது" என்றார் மேடம் லிம். சாமிக் குற்றம் என்று பதறினாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ராத்திரி இட்லியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். நெத்திலியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரிலும் காலைச் சோற்றில் அதுதான். பேசாமல் ஏழு இட்லி சாப்பிட்டார். அந்த உடம்பில் அது எங்கே போனது என்று ஏழுமலை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் அதிகாலையிலேயே மேடம் லிம் தனியாக நடக்கக் கிளம்பிவிட்டார். ஆறரை மணிக்குப் பால்காரர் தன் பைக்கில் அவரை உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். "வயி தப்பிப் போய்ட்டாங்கக்கா, நல்ல வேள நான் பாத்தேன்." மேடம் லிம் நன்றி சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார். ஏழரை மணிக்கு ஒரு டிராக்டர் அவரைக் கொண்டுவந்தது. டிராக்டர்காரர் என்னைத்தான் திட்டினார். "வந்தவங்கள இப்டி ரோட்ல நடக்க வுடுவியா? நல்ல மனுசி நீ."

எங்கள் ஊரில் நடப்பதற்கு நான்கே காரணங்கள்தான். சர்க்கரை, வேண்டுதல், வண்டியில் எண்ணெய் தீர்ந்துபோவது, வீட்டில் சண்டை. இந்த நான்கும் இல்லாமல் ஒருவர் நடந்தால் அவரைக் காப்பாற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது பார்க்கிறவர் கடமை. இதை மேடம் லிம்முக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்பதற்குத் தமிழில் என்ன என்றார். "வேணாம், நடக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்தேன். பத்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மில்லுக்காரர் தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தேன். திருப்புலிவனம் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது அவருடைய அரிசி மில். பத்து வருஷத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடக்கிறது. மலேசியாவிலிருந்து ஒரு அம்மா நாளைக்கு வந்து மில்லைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னேன்.

"வந்து இன்னாம்மா பாக்கப் போறாங்க? அங்க ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லாததத்தாங்க பாக்க வராங்க."

 "சரி, வரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நான் உஷாராகியிருக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நாஷ்டாவுக்குப் பூரி. வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டு, மேடம் லிம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் மகள் வாங்கிக் கொடுத்த ஷூவைப் புடவைக்குக் கீழே போட்டுக்கொண்டேன். வாசலில் ஏழுமலை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

"நடந்து போறோம்னு மூணு நாளா சொல்லிகினு கீறனே."

"நெசமாவேவா?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "இன்னா மல்லி இது? நான் இதே ரோட்ல பதினஞ்சி வருசமா வண்டி ஓட்டறேன். என் பொண்டாட்டி அதே ரோட்ல நடந்துபோனா பாக்கறவன் இன்னா நெனப்பான்? அவ ஏறவே பயப்படற வண்டில நாம எப்டி ஏறுறதுன்னு நெனக்கமாட்டான்?"

நியாயம்தான். ஆனால் எனக்கு பேட்ஜ் வேண்டும். மேடம் லிம் விசில் ஊதினார். நடந்தோம்.

ஏரிக்கரை வரைக்கும் சுகமாக இருந்தது. அந்த வருஷம் ஏரி நிறைந்திருந்தது. கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், மறுபக்கம் அறுப்பு முடிந்த வயல், தென்னந்தோப்பு, கோயில் விமானம், செல்போன் டவர். மேடம் லிம் மூச்சுவிடாமல் நின்றார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரி. அது இவ்வளவு பெரியது என்று அவர் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து நின்றது.

"ஏறுங்கக்கா, ஒவ்வொருத்தரா வுட்டுட்றேன்."

என் வலது கால் எழும்பியது, பொய் சொல்லவில்லை. மேடம் லிம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், நடக்கிறோம்" என்றார் கணீரென்று. வண்டிக்காரர் பயந்துபோய்க் கிளம்பிவிட்டார்.

கரையிலிருந்து இறங்கித் திருப்புலிவனம் ரோட்டைப் பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் போகிற வண்டியெல்லாம் எங்களுக்காக நின்றது. கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி நின்றது. கேஸ் சிலிண்டர் வண்டி நின்றது. கல்யாண வேன் ஒன்று நின்று, "காஞ்சிபுரம் போறோம், சாப்ட்டே போய்டலாம்" என்று கூப்பிட்டது. எல்லாருக்கும் "வேணாம், நடக்கிறோம்" சொல்லிச் சொல்லி மேடம் லிம் உச்சரிப்பில் தேறிவிட்டார்.

பின்னால் ஆட்டோச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஏழுமலை. எங்கள் நடைக்குச் சரியாக, முதல் கியரில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். உள்ளே பயணிகள் வேறு. பூக்காரி சரோஜா கூடையோடு முன்னால், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பின்னால். தன் மனைவியை ரோட்டில் விட்டுவிட்டு முந்திப் போக அவருக்கு மனம் வரவில்லையாம்.

"யோவ், இந்த ஸ்பீட்ல போனா பூவெல்லாம் காயாயிடும்யா" என்று சரோஜா கத்தினாள்.

"அவ ஏறட்டும், போய்டலாம்" என்றார் ஏழுமலை.

மனைவி முன்னால் விறைப்பாக நடக்கிறாள். கணவன் பின்னால் வண்டியில் கெஞ்சுகிற முகத்தோடு ஊர்ந்து வருகிறான். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா சண்ட? எத்தினி இருந்தாலும் அண்ணன் பின்னாலயே வராரு பாரு. பாவம்க்கா. ஏறிக்கோ."

சண்டை இல்லை என்றேன். சண்டை போட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவள் நம்பவில்லை. அடுத்து டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏயுமல, வண்டிய வுட்டு எறங்கி கால்ல வுயுந்துடு. நான்லாம் எத்தினி வாட்டி வுயுந்துகீறேன்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே தெரிலடா" என்றார் ஏழுமலை பரிதாபமாக.

"அதுதான்டா மொத தப்பே."

திருப்புலிவனம் வருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கோயில் பக்கம் மூன்று பேர் சமாதானம் பேசக் காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் எனக்கு மோர் கொடுத்து, வேண்டுமானால் ஒரு வாரம் தன் வீட்டில் வந்து இரு என்றாள். மேடம் லிம்மைக் காட்டி, "மலேசியாலேந்து பஞ்சாயத்து பண்ண வந்துகீறாங்களா?" என்று கேட்டாள். அவருக்கும் மோர் கிடைத்தது.

இவர்கள் எல்லாரும் என்ன கேட்கிறார்கள் என்று மேடம் லிம் கேட்டார். நானும் கணவரும் சண்டையா என்று கேட்கிறார்கள் என்றேன். அவர் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நான் எங்கள் ஊரில் இருபது வருஷமாக, ஞாயிறு தவிர, தனியாகத்தான் நடக்கிறேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை" என்றார்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன்.

மில்லுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். பின்னால் ஆட்டோ இரண்டு முறை விக்கியது. பிறகு நின்றுவிட்டது. இத்தனை தூரம் முதல் கியரிலேயே உருட்டியதில் டீசல் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. ஏழுமலை இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. சரோஜா இறங்கமாட்டேன் என்றாள், பூக்கூடைக்கு வெயில் ஆகாதாம். பெரியவர் இறங்கினால் ஆடு ஓடிவிடும்.

"பாத்துகினே நிக்காத மல்லி, ஒரு கை குடு" என்றார்.

நான் மேடம் லிம்மைப் பார்த்தேன். கை கொடுத்தால் பேட்ஜ் போய்விடுமா என்று கேட்டேன். அவர் ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "உட்கார்ந்து போனால் வண்டி. தள்ளிக்கொண்டு போனால் சாமான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, புடவை கட்டாத தைரியத்தில் எனக்கு முன்னால் போய்த் தோளைக் கொடுத்தார். இப்படியாக, வழியில் எந்த வண்டியிலும் ஏறாத நாங்கள் இரண்டு பேரும் கடைசி ஒரு கிலோமீட்டர், இரண்டு பயணிகளையும் ஒரு ஆட்டையும் சுமந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஆட்டுக்குட்டி பின்பக்கமாக எட்டி மேடம் லிம்மின் தொப்பியை மென்றது.

மில் வாசலுக்கு வந்து நிமிர்ந்தேன். 

புகைபோக்கியின் உச்சியில் அரசமரம் இல்லை. வெட்டிவிட்டார்கள். கையெட்டும் உயரம் வரை புகைபோக்கிக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பாசி பிடித்த சுவர் வெள்ளையாகப் பளபளத்தது. வாசலில் மாவிலைத் தோரணம், நெல் காயவைக்கும் களத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜைமேல் வாழைப்பழமும் ரோஸ் மில்க்கும். வெள்ளை வேட்டியில் தணிகாசலம் கைகூப்பி நின்றார். ராத்திரி முழுக்க ஆட்களை வைத்து வேலை பார்த்திருக்கிறார்.

"அந்த அரசமரத்தத்தாங்க பாக்க வந்தாங்க!" என்று நான் ஏறக்குறைய அழுதுவிட்டேன். "துருவு, பாசி, ஒட்டட... அதெல்லாம்தான் வேணும். இப்ப நான் இன்னாத்த காட்டுவேன்?"

"இன்னாம்மா பேசற நீ?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மாந்தூரம் வராங்க. பூட்டிக் கெடக்கற மில்ல எந்த மூஞ்சியோட காட்டறது? பொண்ணு பாக்க வந்தா, பொண்ண தூங்க வெச்சிதான் காட்டுவாங்களா? வாயப்பயம் சாப்பிடச் சொல்லு. பாய், ஆரம்பிங்க!"

மேடம் லிம் அப்போதுதான் பையிலிருந்து பேட்ஜை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே நான்கு பேர் எஞ்சினின் பெரிய சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் பாய் எதையோ அழுத்தினார். கரும்புகை ஒன்று வெளியே வந்தது. பிறகு டுக், டுக், டுக்கென்று ஆரம்பித்து, பெல்ட் சக்கரத்தில் விழுந்ததும் மில் முழுக்க அதிர ஆரம்பித்தது. மேஜைமேல் ரோஸ் மில்க் டம்ளர்கள் தானாக நகர்ந்தன. புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. ஆட்டுக்குட்டி பெரியவரை இழுத்துக்கொண்டு வயலில் இறங்கியது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போன மில்லைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்தேன், அது உயிரோடு ஓடுகிறது. இப்படி ஒரு மானக்கேடு எந்த ஊர் வழிகாட்டிக்கும் வந்திருக்காது.

ஆனால் மேடம் லிம் பேட்ஜை மறந்துவிட்டிருந்தார். (அது மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது ஞாபகம் வந்து கொடுத்தார்.) சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பிறகு, ஓட்டிக் காட்டத் தணிகாசலம் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய், மன்னித்துவிடுங்கள் மேடம் என்று காதில் கத்தினேன். அவர் என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். அந்த மிதவை இயந்திரத்தில்தான் அவர் அப்பா வேலை செய்தாராம். ராத்திரி ஷிஃப்ட். சத்தம் பல மைல் கேட்குமாம். படுத்திருக்கும்போது அது கேட்டால் அப்பா அங்கே நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நின்றால் வீட்டில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாம். ஒரு நாள் மொத்தமாக நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அங்கே நடத்திக்கொண்டு போயிருக்கிறார். சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் வாயால்தான் செய்து காட்டுவாராம்.

"இது அதே சத்தம் இல்லை. ஆனால் இதே மாதிரி காலில் ஏறும்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் வைத்துக்கொண்டார்.   தணிகாசலத்தைத் திட்டியதற்கு மனதுக்குள் நூறு முறை மன்னிப்புக் கேட்டேன்.

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. ரோட்டில் காய்ந்த நெல்லைச் சிலர் அப்படியே வாரி மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஏழுமலை யாருடைய வண்டியிலோ போய், ஆட்டோவுக்கு ஒரு கேன் டீசல் வாங்கிக்கொண்டு வந்தார். மேடம் லிம் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாச்சி, கால் நோவுதா?" என்றார். நான் ஏழுமலையை ஓரமாகக் கூட்டிப் போய் மேடத்தின் அப்பா கதையைச் சொன்னேன்.  கேனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டார்.

அப்போது எஞ்சின் விக்கியது. டுக் என்றது, கொஞ்சம் நின்றது, மறுபடி டுக் என்றது. மெக்கானிக் பாய் எட்டிப் பார்த்து, "அவ்ளோதாங்க, சொம்மா ஓட்டிக் காட்டறதுக்குத்தான் ஊத்தனேன்" என்றார். மூட்டைமேல் இருந்த மேடம் லிம் கண்ணைத் திறந்துவிட்டார்.

ஏழுமலை அவரைப் பார்த்தார். கையிலிருந்த கேனைப் பார்த்தார். நேராக உள்ளே போய், மூடியைத் திறந்து, கேனைக் கவிழ்த்து எஞ்சினில் ஊற்றிவிட்டார். கடைசிச் சொட்டு வரைக்கும் தட்டித் தட்டி ஊற்றினார். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு, பழையபடி ஓட ஆரம்பித்தது.

"யோவ், இன்னாய்யா பண்ண?" சரோஜா பூக்கூடையோடு ஓடி வந்தாள். "நாங்கள்லாம் எப்டி வூட்டுக்குப் போறது?"

"இரு, அவசரப்படாத" என்றார் ஏழுமலை, காலிக் கேனைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு. "அவங்க நைனாவுக்கு ஷிஃப்ட் முடியட்டும். அப்பறம் எல்லாரும் நடப்போம்."